மல்கையில் ஐந்து மாதம்

கிளாஸ்கோ நகரத்தின் குவீன் ஸ்ட்ரீட் ரயில்வே ஸ்டேஷனில், கீழ்த்தள பிளாட்பாரத்தில், கையில் ஒரு பை தேங்காயும் கறிவேப்பிலையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். தங்கை வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம். தனியாகக் கடைக்குப் போய்த் திரும்புவது அன்றுதான் முதல் தடவை. "மல்கை ரயிலில் ஏறு அக்கா, கடைசி ஸ்டேஷன் நம்ம ஊர்தான், தப்பே வராது" என்று தங்கை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

ரயில்கள் வந்தன, போயின. ஒரு ரயிலில் 'மில்ன்கேவி' என்று போட்டிருந்தது. அது எந்த ஊரோ என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம், "மல்கை ரயில் எப்போது வரும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இப்போதுதானே போயிற்று! எழுதுவது மில்ன்கேவி, கூப்பிடுவது மல்கை. உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் முதல் தடவை இப்படித்தான் ஆகும்" என்றார். அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரம் குளிரில் நின்றேன்.

ஒன்றை எழுதி வேறொன்றாகப் படிக்கிற ஊர்! அப்போது அது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் பட்டது. என் தங்கையின் முகத்தையும் அப்படித்தான் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தேன் என்பது பிற்பாடுதான் புரிந்தது. அந்தக் கதையைத்தான் சகோதரிகளாகிய உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

காலையில் காலியாகும் ஊர்

ஸ்காட்லாந்தின் பெரிய நகரமான கிளாஸ்கோவுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். ஜனத்தொகை 13,000 பேருக்குப் பக்கம். நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய கிராமம் என்று சொல்லலாம். ஊர் நடுவே அலண்டர் என்று ஒரு சின்ன ஆறு சலசலவென்று ஓடுகிறது. அந்தக் காலத்தில் இந்த ஆற்றங்கரையில் துணி வெளுக்கிற பட்டறைகளும், மாவு மில்லும், காகித ஆலையும் இருந்திருக்கின்றன. 1863-ல் ரயில் வந்தது. நகரத்தில் வியாபாரம் செய்தவர்கள் புகையும் இரைச்சலும் இல்லாத இடத்தில் கல் வீடுகள் கட்டிக்கொண்டு இங்கே குடியேறினார்கள். அன்று ஆரம்பித்த வழக்கம், இன்றும் காலையில் ரயிலேறிப் போய் சாயங்காலம் திரும்புகிறார்கள். நம் தாம்பரத்தில் இருந்துகொண்டு பாரிமுனை ஆபீஸுக்குப் போவதைப் போலத்தான். ஆனால் இடிபாடு இல்லை. இருபத்தைந்து நிமிஷப் பிரயாணம்.

1930-ல் ஜார்ஜ் பென்னி என்பவர் இந்த ஊர் ரயில் பாதைக்கு மேலே உயரமான இரும்புச் சட்டம் கட்டி, விமானம் போல விசிறி வைத்த ஒரு ரயில் பெட்டியைத் தொங்கவிட்டு ஓட்டிக் காட்டினாராம். ஆகாய ரயில்! பணம் போட ஆள் கிடைக்காமல் அந்தக் கனவு அப்படியே நின்றுபோய், 1956-ல் சட்டத்தைப் பிரித்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். பாவம்!

இன்னொரு பெருமையும் உண்டு. 'வெஸ்ட் ஹைலேண்ட் வே' என்கிற நடைபாதை இந்த ஊர்க் கடைத்தெருவில் ஆரம்பித்து, மலைகளையும் ஏரிகளையும் தாண்டி, வடக்கே ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோ மீட்டர் போகிறது. 1980-ல் திறந்தார்கள். ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கல் தூண் நிற்கிறது. முதுகில் மூட்டையோடு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பாதயாத்திரை கிளம்புவதுபோலக் கிளம்புவார்கள்.

ஆக, காலை ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் ஊரே ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். அதற்கப்புறம் தெருவில் ஓர் ஈ காக்கை இருக்காது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். "எவ்வளவு அமைதியான ஊர்!" என்று முதல் வாரம் வியந்தேன். அந்த அமைதியில் கைக்குழந்தையோடு ஒருத்தி தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

பிரசவம் பார்க்கப் போன கதை

எனக்கும் தங்கைக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு நான்தான் அவளுக்கு அம்மா. 2023 செப்டம்பர் கடைசியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எனக்கு விசா தாமதமாகி, அக்டோபர் கடைசியில்தான் போய்ச் சேர முடிந்தது. சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு லேகியம் என்று விருதுநகரிலிருந்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போனேன்.

அந்த ஊர் ஏற்பாடுகளைப் பார்த்து அசந்து போனேன். 2017 ஆகஸ்டிலிருந்து ஸ்காட்லாந்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கம் ஒரு பெட்டி கொடுக்கிறது. உடுப்புகள், போர்வை, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், படப் புத்தகம் எல்லாம் அதில் இருக்கின்றன. அடியில் சின்ன மெத்தையும் இருப்பதால் அந்த அட்டைப் பெட்டியிலேயே குழந்தையைத் தூங்கவைக்கலாம். ஏழை, பணக்காரர் என்ற பேதமே கிடையாது. 'ஹெல்த் விசிட்டர்' என்று தனிப்பயிற்சி பெற்ற நர்ஸ் வீட்டுக்கே வந்து குழந்தையை எடை போட்டுப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் 11 தடவை. அதில் 8 தடவை முதல் வருஷத்திலேயே.

"உனக்கென்னடி குறை? ராஜ வைத்தியம்!" என்றேன். தங்கை சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை தங்கமானவர். காலை 7.40 ரயிலுக்குப் போனால் சாயங்காலம் ஆறரைக்கு வருவார். வந்ததும் பாத்திரம் கழுவுவார், குழந்தையைத் தூக்கிக்கொள்வார். ஆனாலும் தங்கை எதையோ பறிகொடுத்தவள் மாதிரி இருந்தாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. தலை வாருவதில்லை. ஆசையாகச் செய்து வைத்த பூண்டுக் குழம்பைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவாள். "கை காலெல்லாம் வலிக்குதுக்கா" என்பாள். எனக்குக் கோபம் வந்தது. "நாங்களெல்லாம் பிள்ளை பெறலையா? எனக்கு இரண்டு. கிணத்துல தண்ணி சேந்தினேன், மாமியாருக்குச் சமைச்சுப் போட்டேன். நீ மெஷின்ல துணி துவைச்சுட்டு வலிக்குதுங்கறே!" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தைகள் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகின்றன.

நவம்பர் பிறந்ததும் வெளிச்சம் மளமளவென்று குறைந்தது. டிசம்பரில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு எட்டிப் பார்த்து, மத்தியானம் மூன்றே முக்காலுக்கு ஓடிவிடும். அதுவும் மேகம் விட்டால்தான்!

கோட்டைப் போட்டுக்கொண்டு

நவம்பர் கடைசியில் ஒரு பிற்பகல். பால் வாங்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி திரும்பினேன். வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது. தங்கை கோட்டு, ஷூஸ் எல்லாம் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா? எங்கே கிளம்பினே?"

"தெரியலைக்கா. எங்கேயாவது போயிடணும்னு கோட்டைப் போட்டேன். எங்கேன்னு தெரியலே. அதான் உட்கார்ந்துட்டேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பேச்சே எழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. அழக்கூட இல்லை.

இரண்டு நாள் கழித்து ஹெல்த் விசிட்டர் வந்தார். குழந்தையைப் பார்த்தவர், அம்மாவை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னிடம் திரும்பி, "உங்கள் இந்தியத் தேநீர் கிடைக்குமா?" என்றார். என்னை நாசூக்காக வெளியே அனுப்புகிறார் என்று புரிந்தது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, மெதுவாகவே டீ போட்டேன்.

அந்த அரை மணியில் அவர் தங்கையிடம் பத்துக் கேள்விகள் கேட்டிருக்கிறார். 'எடின்பரோ அளவுகோல்' என்று பெயர். ஸ்காட்லாந்திலேயே உருவாகி, 1987-ல் வெளிவந்தது. கடந்த ஏழு நாளில் மனம்விட்டுச் சிரிக்க முடிந்ததா? ஒரு காரணமும் இல்லாமல் பயம் வந்ததா? தப்பு நடந்தபோதெல்லாம் உங்களையே நொந்துகொண்டீர்களா? தூங்க முடியாத அளவுக்கு வருத்தமா? இப்படிப் பத்து. கடைசிக் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்கள், அவற்றுக்கு மதிப்பெண். மொத்தம் 30. எண்ணிக்கை கூடினால் உடனே வியாதி என்று முத்திரை குத்திவிடுவதில்லை. டாக்டரிடம் போய் நிதானமாகப் பேச வேண்டும் என்று அர்த்தம். இது இன்று உலகம் பூராவும் பல பாஷைகளில், தமிழிலும், இருக்கிறது.

டீயோடு உள்ளே போனபோது தங்கை அழுதுகொண்டிருந்தாள். ஹெல்த் விசிட்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு பத்துத் தாய்மார்களில் ஒருவருக்கு மேல் வருகிற மனச்சோர்வு. பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் அழுகை வந்து இரண்டு வாரத்துக்குள் போய்விட்டால் கவலையில்லை. இது அப்படி இல்லை. ஆனால் கட்டாயம் குணமாகும்" என்றார் என்னைப் பார்த்து. 'சோம்பல்' என்று நான் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும் என்று தலை குனிந்தேன். எல்லா ஊர் அக்காமார்களும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது!

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேசித் தீர்க்கும் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார். "பால் கொடுக்கிறவள் இந்த மாத்திரையெல்லாம் சாப்பிடலாமா?" என்று நான் பதறினேன். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், நீங்களாக நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். ஸ்காட்லாந்தில் 2011-லிருந்து டாக்டர் சீட்டு மருந்துக்குக் காசு கிடையாது.

வெயில் இல்லாத ஊரில் எலும்பு

இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. கை கால் வலி என்று அவள் சொன்னது பொய் இல்லை. ரத்தப் பரிசோதனையில் 'வைட்டமின் டி' மிகவும் குறைவாக இருந்தது. நம் உடம்பு இந்தச் சத்தைச் சூரிய ஒளியிலிருந்துதான் பெரும்பாலும் தயாரித்துக்கொள்கிறது. நம்மைப் போலக் கறுத்த, மாநிறத் தோலுக்கு அதிக வெயில் வேண்டும். அங்கேயோ அக்டோபரிலிருந்து மார்ச் வரை வருகிற வெயில் இதற்குப் போதவே போதாது.

1970-களில் கிளாஸ்கோவில் குடியேறிய இந்திய, பாகிஸ்தானியக் குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கால் வளைகிற 'ரிக்கெட்ஸ்' நோய் அதிகமாக இருந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசியிலிருந்து வைட்டமின் டி சொட்டு மருந்தும் பிரசாரமுமாக அதைக் குறைத்தார்கள். இப்போது கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், மூன்று வயதுக்குள்ளான குழந்தைகள் எல்லோருக்கும் வைட்டமின் டி இலவசம். தங்கை வீட்டு அலமாரியிலும் அந்தப் புட்டி இருந்தது, பிரிக்காமலே! "எடுத்துச் சாப்பிடணும்னு தோணவே இல்லைக்கா" என்றாள். தாய் சோர்ந்தால் மருந்து இருந்தும் பயன் இல்லை, பாருங்கள்.

ஏரிக்கரை நடை

"தினமும் வெளிச்சம் இருக்கும்போது ஒரு மணி நேரம் வெளியே நடக்க வேண்டும். அக்கா, இது உங்கள் பொறுப்பு" என்று ஹெல்த் விசிட்டர் என்னிடம் ஒப்படைத்தார். எங்கே நடப்பது? பக்கத்து வீட்டுப் பாட்டி வழி காட்டினார். ஊரின் மேட்டுப் பக்கம் மக்டாக், கிரெய்க்மாடி என்று அடுத்தடுத்து இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். கரை முழுக்கத் தள்ளுவண்டி போகிற மாதிரிப் பாதை. முதல் நாள் பத்து நிமிஷம் நடந்ததுமே தங்கை "போதும்க்கா" என்றாள். திரும்பிவிட்டோம். மறுநாள் பதினைந்து நிமிஷம்.

எண்பதைத் தாண்டிய அந்தப் பாட்டியும் சில நாள் கூட வருவார். தண்ணீரைக் காட்டி ஒரு கதை சொன்னார். கிளாஸ்கோவில் 1832-ல், 1848-49-ல், 1853-54-ல் என்று திரும்பத் திரும்பக் காலரா வந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்திருக்கிறார்கள். அழுக்குத் தண்ணீர்தான் காரணம். நகரசபையார் துணிந்து, வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிற கேட்ரின் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். ஜான் பேட்மேன் என்ற என்ஜினீயர் 26 மைல் நீளத்துக்கு வாய்க்காலும் சுரங்கமுமாகக் கட்டினார். பம்பு கிடையாது. மைலுக்குப் பத்து அங்குலம் மட்டும் சரியவிட்டு, தண்ணீர் தானாகவே ஓடி வந்து இந்த மக்டாக் தேக்கத்தில் விழும்படி செய்தார். 1859 அக்டோபர் 14-ந் தேதி விக்டோரியா மகாராணி நேரில் வந்து திறந்துவைத்தார். அப்புறம் 1866-ல் காலரா மறுபடி வந்தபோது, முன்பு ஆயிரக்கணக்கில் பலி கொடுத்த கிளாஸ்கோவில் நூறு பேர்கூடச் சாகவில்லை!

குடத்தோடு வரிசையில் நின்று பழகிய எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. "எத்தனை தாய்மாரோட பிள்ளைங்க பிழைச்சிருக்கும்!" என்றேன். தங்கை வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு தூரத்திலேருந்து மெதுவா, தானா வந்து சேர்ந்திருக்கு இல்லேக்கா?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவளாக வாய் திறந்து பேசிய பேச்சு அது.

முதல் தண்ணீரை விடுங்கள்

நல்ல தண்ணீரிலும் ஒரு சூட்சுமம் இருந்திருக்கிறது. கேட்ரின் ஏரித் தண்ணீர் உப்பே இல்லாத மென்மையான தண்ணீர். சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் அந்தக் காலத்து வீட்டுக் குழாய்கள் ஈயத்தால் ஆனவை. மென்மையான தண்ணீர் ஈயத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற விஷம். 1970-களில் டாக்டர்கள் கிளாஸ்கோ ஜனங்களின் ரத்தத்தில் ஈயம் அதிகமிருப்பதைக் கண்டார்கள். 1978-லிருந்து தண்ணீரில் சுண்ணாம்பும், 1989-லிருந்து பாஸ்பேட் உப்பும் சேர்த்து, ஈயம் கரைவதை வெகுவாகக் குறைத்தார்கள். 2007-ல் இந்த ஊரிலேயே பெரிய சுத்திகரிப்பு நிலையமும் வந்துவிட்டது.

தங்கை குடியிருந்தது நூறு வருஷத்துக்கு மேலான கல் வீடு. பாட்டி என்னிடம், "காலையில் முதலில் வருகிற தண்ணீர் ராத்திரி முழுக்கக் குழாயில் தங்கிய தண்ணீர். கொஞ்சம் ஓடவிட்டுவிட்டுக் கெட்டிலில் பிடியுங்கள்" என்றார். தண்ணீரை வீணாக ஓடவிடுவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினேன். மாப்பிள்ளை சொல்லி, ஆள் வந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பழைய ஈயக் குழாயை முன்னமே மாற்றியிருந்தார்களாம்.

"கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமே?" என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. கொதித்தால் கிருமிதான் சாகும், ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்.

ரோமானியன் தின்ற கொத்தமல்லி

ஜனவரி பிறந்தது. தங்கை முழுத் தேக்கத்தையும் சுற்றி வர ஆரம்பித்தாள். நூலகத்தில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் கூடிப் பாட்டுப் பாடும் வகுப்பு நடந்தது. முதல் வாரம் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள். இரண்டாவது வாரம் நானும் கூடப் போய் மூலையில் உட்கார்ந்தேன். அங்கே ஒரு ஸ்காட்டிஷ் பெண் தானாகவே சொன்னாள்: "என் கணவரும் காலை ரயிலுக்குப் போய்விடுவார். மத்தியானம் இரண்டு மணிக்கு எனக்கு அழுகை வரும்." தங்கை சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். தன்னைப் போல இன்னொருத்தி! அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே நடக்க ஆரம்பித்தார்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தது என்று சொல்லமாட்டேன். நடுவில் படுக்கையை விட்டு எழாத நாட்களும் வந்தன. ஆனால் அந்த நாட்களுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பக்கத்து ஊரான பேர்ஸ்டனுக்குப் போனோம். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் 1973-ல் தோண்டியெடுத்த ரோமானியர் கால குளியல் அறைகள் இருக்கின்றன. கி.பி. 142-ல் கட்ட ஆரம்பித்த அன்டோனைன் சுவரைக் காவல் காத்த சிப்பாய்கள் குளித்த இடம். அவர்களுடைய கழிவறைக் கழிவு போய் விழுந்த அகழியைக்கூட ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை. அதைச் சோதித்துப் பார்த்ததில் கோதுமை, அத்திப்பழ விதை, கசகசாச் செடியின் விதை, அப்புறம் கொத்தமல்லி விதை! கறி சாப்பிட்டது குறைவு, தானியம்தான் அதிகம் என்று தெரிந்ததாம். "பாரேன், அந்தக் காலத்துலேயே இந்தக் குளிர்ல மல்லி ரசம் வச்சிருக்கான்!" என்றேன். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'மனம்விட்டுச் சிரிக்க முடிந்ததா?' என்கிற முதல் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது.

மார்ச் கடைசியில் நான் ஊருக்குக் கிளம்பினேன். வெளிச்சம் திரும்பியிருந்தது. கல் தூணுக்குப் பக்கத்தில் மூட்டையோடு ஐந்தாறு பேர் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கி வந்தார். தங்கை தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, தானே வண்டியைத் தள்ளி வந்தாள். ரயில் கிளம்பும் முன், "அக்கா, உனக்குத் தூக்கம் வருமா? ஊருக்குப் போய் நல்லா தூங்கு" என்றாள். ஐந்து மாதத்தில் அவளிடம் அந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டேன்? குழந்தை பால் குடித்ததா, மலம் போயிற்றா என்றுதான் தினமும் கேட்டேன். 'நீ தூங்கினாயா?' என்று கேட்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

நம் வீட்டிலும் பிரசவமான பெண் இருக்கலாம். அவளைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தாலும் அவள் தனியாக இருக்கலாம். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

பிள்ளை பெற்றவளுக்கு உதவப் போகிறவர்கள் கவனத்துக்கு:

• அழுகை, பயம், தூக்கமின்மை, குழந்தை மேல் பற்றில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 'செத்துவிடலாம் போலிருக்கிறது' என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே போங்கள்.

• "நாங்கள் பெறவில்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

• டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சுகமானதுபோலத் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

• வெயில் குறைந்த நாட்டில் இருக்கும் மகள், மருமகள், தங்கைக்கு வைட்டமின் டி பற்றி நினைவுபடுத்துங்கள். அங்கே குளிர்காலத்தில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் சொல்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் சொட்டு மருந்து உண்டு. அளவை டாக்டரிடமே கேளுங்கள்.

• பழைய ஈயக் குழாய் இருக்கக்கூடிய வீட்டில் காலையில் முதல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடிக்காதீர்கள். சுடுதண்ணீர்க் குழாயில் வருவதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

• குழந்தையைப் பார்க்கப் போனால், குழந்தையை வாங்கிக்கொண்டு தாயை ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள். வெள்ளிக் கொலுசைவிட அது அவளுக்குப் பெரிய பரிசு.